குளுகுளு பார்ட்டியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

எங்கள் பாட்டுக் குழு எந்த மாதம் தொடங்கியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சிகள் உண்டு. தறிக்காரர் பங்குனி என்பார். நான் சித்திரை என்பேன். அவருக்கு ஆதாரம் அவருடைய ஞாபகம். எனக்கு ஆதாரம் அவருடைய தலை. அவர் வருடம் தவறாமல் பங்குனிப் பொங்கலுக்கு முடியிறக்குகிறவர். நாங்கள் முதன்முதலாகப் பாட உட்கார்ந்த சனிக்கிழமை அவர் தலையில் சீப்பு நிற்கும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. ஆகவே சித்திரை, அதுவும் பிற்பாதி. எண்பதுகளின் கடைசி என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

சாம்ராஜ்யங்களின் வரலாறுகளை நிறையப் படித்தவன் நான். அவை விழுந்ததற்குப் பஞ்சம், படையெடுப்பு, வாரிசுச் சண்டை என்று காரணம் எழுதியிருப்பார்கள். எங்கள் குழு ஒரே ஓர் எழுத்தால் விழுந்தது என்று அருப்புக்கோட்டையில் சொல்கிறார்கள். அது பிழையான வரலாறு. அந்த எழுத்து எங்களைக் கீழே தள்ளியது உண்மை. ஆனால் நாங்கள் எழுந்து தூசி தட்டிக்கொண்டோம். பிறகு விழுந்ததற்குக் காரணம் வேறு.

நாங்கள் நான்கு பேர். பாட்டுக்காரன் பரளச்சிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மிளகாயும் போடுகிறவன். குரல் என்று ஒன்று இருந்தது அவனுக்குத்தான். தறிக்காரர் டவுனில் விசைத்தறி ஓட்டினார். பாடுவதற்கு இடம் கொடுத்ததால் அவரும் பாடகர் ஆனார். டெய்லருக்குக் குரலும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் எந்த மேளத்தையும் வாயாலேயே அடித்துக் காட்டுவார். நான் பருத்திக் கமிஷன் கடையில் எடை எழுதுகிறவன். பாட்டுக் கட்டுவதும், ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘ஆமா ஆமா’ என்று சேர்ந்துகொள்வதும் என் பங்கு.

தறிக்கூடத்தில் பாடியதால் எங்களுக்கு மேளம் தேவைப்படவில்லை. தறியை நிறுத்தினால் சேலை நிற்கும், ஆகவே தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ‘தடக்கு தடக்கு’ என்ற அந்தச் சத்தத்திற்குள் களை வெட்டும் பாட்டு, நாற்றுப் பாட்டு எல்லாவற்றையும் திணித்தோம். பெண்கள் குனிந்த முதுகோடு நிதானமாகப் பாடுகிற பாட்டுகள் சினிமா வேகத்தில் ஓடத் தொடங்கின. கரண்டு போனால் தறி நிற்கும். நாங்களும் பாதிச் சொல்லில் நின்றுவிடுவோம். கரண்டு வந்ததும் மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவோம். இதை ஒரு குறை என்று யாருமே நினைக்கவில்லை.

ஆடிப் பொங்கலுக்குப் பாட்டுக்காரனின் ஊரில் முதல் மேடை. மைக்குக்கு முன்னால் நின்றவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். சத்தம் வரவில்லை.

“என்ன மாப்ள?” என்றார் தறிக்காரர்.

“தறி எங்கண்ணே?” என்றான்.

டெய்லர்தான் காப்பாற்றினார். மைக்கைப் பிடுங்கி ‘தடக்கு தடக்கு தடக்கு’ என்று வாயால் நெய்ய ஆரம்பித்தார். உடனே பாட்டு வந்துவிட்டது. அன்று முதல் எங்களுக்கு அவர்தான் தறி.

அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் ஒரு துணி பேனர் தொங்கியது. பலகை எழுதும் ஒருவர் அன்பாக எழுதிக் கொடுத்தது. ‘நாட்டுப்புறப் பாட்டுக் குளு’ என்று இருந்தது. எழுத்துப் பிழை விஷயத்தில் நான் கண்டிப்பானவன்தான், ஆனால் பேனர் வந்த நேரத்தில் கமிஷன் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். பார்த்த மற்ற மூவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மழை என்பது மளை. பழம் என்பது பளம். குழு என்பது குளு. இலக்கணக்காரர்கள் சிறப்பு ழகரம் என்று கொண்டாடுகிற எழுத்து வைகையைத் தாண்டி எங்கள் வாய்க்கு வந்து சேரவில்லை.

கூட்டம் பேனரைப் பார்த்தது, வியர்வையைத் துடைத்துக்கொண்டது, எங்களுக்குக் குளுகுளு பார்ட்டி என்று பெயர் வைத்தது. ஆடி வெயிலில் அந்தப் பெயருக்கே பாதிக் கைத்தட்டல் கிடைத்தது.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு இது.

மளை வருமா மச்சான் மளை வருமா
மானாவாரி மண்ணு நனைய மளை வருமா

இனி பாட்டுக்காரனின் மாமாவைச் சொல்ல வேண்டும். அவன் அம்மாவுடன் பிறந்தவர். கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்து சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரே மகள். பல்பு விற்பதற்கு முன்னால் ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டுவது அவள் வேலை. பாட்டுக்காரனுக்கு அவள் முறைப்பெண். அவளைத்தான் கட்டுவது என்று அவன் சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தான். அந்த முடிவை வேறு யாரும் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். வாரம் தவறாமல் கடைக்குப் போய் பல்பு வாங்குவான். ஒருநாள் அவள் பல்பை எரியவைத்துக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

“ஒங்க வீட்டுல இருக்கது ரெண்டு அறை. இத்தன பல்பையும் என்ன செய்றீக, அவிச்சுத் திங்கிறீகளா?”

அவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே மாமாவிடம் பெண் கேட்டுவிட்டான். மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“பாட்டுப் படிக்கிறவனுக்குப் பொண்ணக் குடுத்தா அவ அடுப்புல பாட்டத்தான் வேகவைக்கணும். ஏலே, ஊருக்குள்ள எல்லாப் பயலும்தான் படிக்கிறான். ஒம் பாட்டு பஸ்ஸுல ஓடுதா?”

“ஓடலை மாமா.”

“ஓடட்டும். ஓடுன பெறகு வா, பேசுவோம். ஆனா தையில விருதுநகர்க்காரக பொண்ணு பாக்க வாராக. அதுக்குள்ள ஓடணும்.”

இந்தக் காலத்தவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். அப்போது தனியார் பஸ்ஸில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பாட்டுப் போடுவார்கள். எது பஸ்ஸில் ஓடுகிறதோ அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் வாய்ச்சத்தம். மாமா பேச்சுக்காகச் சொன்னார். பாட்டுக்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு குழு எங்களுக்குப் பொழுதுபோக்கு, அவனுக்குக் கல்யாணம்.

தறிக்கூடத்திலேயே ஒரு டேப் ரெக்கார்டரை பாவு நூல் மூட்டை மேல் வைத்துப் பதிவு செய்தோம். திருச்சுழி பஸ் டிரைவர் ஒருவர் பாட்டுக்காரனுக்கு ஊர்க்காரர். கார்த்திகை மாதம் ஒரு காலையில் கேஸட்டைப் போட்டார். பஸ் இரண்டு மைல் போவதற்குள் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் எஞ்சினில் கோளாறு என்றார். எங்கள் கேஸட்டில் குரலைவிடத் தறிச் சத்தம் தூக்கலாக இருந்தது. அது பாட்டோடு சேர்ந்ததுதான் என்று தெரிந்த பிறகு ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓட்டை பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தாங்கள் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல் இருந்ததாம்.

அடுத்த வாரம் அந்த பஸ்ஸில் மாமா ஏறினார். நடந்ததைக் கண்டக்டர் எங்களுக்கு நடித்தே காட்டினார். மாமா பக்கத்து சீட்காரரிடம் கேட்டிருக்கிறார்.

“யாருங்க பாடுறது?”

“குளுகுளு பார்ட்டி. தெரியாதாக்கும்? அந்த மொதக் கொரல் இருக்கே, கேட்டாலே துண்டத் தலையில போட்டுக்கிரலாம்போல இருக்கும், நனஞ்சிருவோமோன்னு.”

மாமாவுக்கு வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டார்.

“எங்க அக்கா மவன்தான்.”

சொன்னது சொன்னதுதான், பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. சாயங்காலம் பாட்டுக்காரனைக் கூப்பிட்டார். தையில் புதுக் கடை திறப்பு. பெரிய கடை, கடைவீதியிலேயே. “வந்து ஒரு பாட்டுப் படி. விருதுநகர்க்காரகளும் வாராக. பாப்போம்,” என்றார். மாமா வியாபாரி. தராசின் இரண்டு தட்டிலும் ஆளை ஏற்றிவிட்டுத்தான் முள்ளைப் பார்ப்பார்.

இந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து கேஸட் வியாபாரி ஒருவர் வந்தார். பஸ்ஸில் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர். பேனரைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்து மாநிலம் முழுக்க விற்கலாம், ஆனால் ழ வரவேண்டும் என்றார். “நாக்க மடக்கி மேல கொண்டுபோங்க. அண்ணத்துல ஒட்டாம அந்தரத்துல நிறுத்துங்க.” தறிக்காரர் முயன்றார். வெற்றிலைச் சாறு சட்டையில் இறங்கியது.

மார்கழி முழுக்க நாங்கள் நாக்கை மடக்கினோம். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துப் பழகினோம். டெய்லர் காஜா எடுக்கும்போதுகூட ழ சொன்னார். முதலில் தேறியவரும் அவர்தான். அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸில் ஏறி, “ரெண்டு திருச்சுழி” என்றார், அட்சர சுத்தமாக. கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அது எங்கிட்டு இருக்கு? இந்த பஸ்ஸு திருச்சுளி போறது.”

தேறியவர்கள் செய்யும் அடுத்த காரியம் விதி எழுதுவது. டெய்லரும் ஒரு விதி எழுதினார். ள பேச்சுக்கு, ழ பாட்டுக்கு. பாட்டில் ள என்று எது வந்தாலும் அது உண்மையில் ழ தான், நம் முன்னோர்கள் சோம்பேறித்தனத்தால் கெடுத்துவிட்டார்கள் என்றார். நான் அகராதியைக் கொண்டுவந்து காட்டினேன். “அகராதி பாடுமா?” என்று கேட்டார்.

விதி பாட்டோடு நிற்கவில்லை. கிளப்புக் கடையில் டெய்லர் கேட்டார்:

“நாலு இட்ழி. புழிக்குழம்பு இருக்கா?”

கடைக்காரர் துண்டால் மேஜையைத் துடைத்தார். “இட்ழி இல்லண்ணே. இட்லிதான் இருக்கு. புழிக்குழம்பும் இல்ல, புளிக்குளம்புதான்.”

பாட்டுக்காரன் உழவுக் காளையைக் “காழை” என்று கூப்பிட்டுப் பார்த்தான். அது திரும்பவில்லை. அதைக்கூட அவன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். கிராமத்து வாய் போய்விட்டது, மாமா இனி மதிப்பார் என்று நம்பினான்.

கடை திறப்புக்கு நான் புதுப் பாட்டுக் கட்டினேன். எலக்ட்ரிக் கடை என்பதால் வெளிச்சத்தை வைத்து எழுதினேன். காகிதத்தில் நான் எழுதியது இதுதான்.

ஒளி ஒளி ஒளி ஒளி
ஊருக்கெல்லாம் ஒளி
மாமா கடை தெறந்துட்டாக
மங்கலமா ஒளி

வாசகர் இப்போதே புரிந்துகொண்டிருப்பார். எங்களுக்குப் புரியவில்லை, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒளி என்றாலும் ஒழி என்றாலும் ஒரே சத்தம்தான். சொல்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் வாழ்த்தா சாபமா என்று தெரிந்துகொள்வோம். இரண்டு, ஒத்திகை நடந்தது தறிக்கூடத்தில். அந்தச் சத்தத்தில் யார் நாக்கு எங்கே நிற்கிறது என்று யாருக்குக் கேட்கும்?

தை மாதம், நல்ல முகூர்த்தம். மாமா பட்டு வேட்டியில் கத்திரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நின்றார். விருதுநகர்க்காரர்கள் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள். மாப்பிள்ளையாக வரக்கூடியவர் கையில் பூங்கொத்து வைத்திருந்தார். மாமாவின் மகள் குத்துவிளக்குப் பக்கத்தில் நின்றாள். மாமா தன் கடையிலிருந்தே புத்தம்புது ஸ்பீக்கர்களை எடுத்து வைத்திருந்தார். அப்படித் துல்லியமான ஸ்பீக்கரில் நாங்கள் அதற்கு முன்னால் பாடியதே கிடையாது.

பாட்டுக்காரன் கண்ணை மூடினான். பாடும்போது எப்போதும் மூடுவான்.

“ஒழி ஒழி ஒழி ஒழி,” என்றான், நாக்கை அந்தரத்தில் நிறுத்தி, ஒரு மாத சாதகத்தின் முழுப் பலத்தோடு. “ஊருக்கெல்லாம் ஒழி.”

தறிக்காரரும் டெய்லரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். நான் ‘ஆமா ஆமா’ என்று சேர்ந்துகொண்டேன். இரண்டாவது ‘ஆமா’ வாயில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டத்தில் கட்சிக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய ஒருவர் இருந்தார். வெகு சுத்தமான ஒழியைக் கேட்டதும் அவருடைய கை தானாக மேலே போனது. “ஒழிக,” என்று பதில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். பாட்டுக்காரனுக்கு அது வரவேற்பாகத் தெரிந்தது. குரலை உயர்த்தினான்.

“மாமா கடை தெறந்துட்டாக, மங்கலமா ஒழி.”

“ஒழிக,” என்றது கடைவீதி.

நான் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவன் அதைத் தாளம் என்று நினைத்துத் தலையாட்டினான். மாமாவின் கத்திரிக்கோல் ரிப்பன் மேலேயே நின்றது. விருதுநகர்ப் பெரியவர் மாமா பக்கம் சாய்ந்து கேட்டார்:

“என்னங்க இது, கடை தெறக்கிறப்ப ஒழிங்காக?”

“எங்க பக்கத்துப் பாட்டுங்க. அப்படித்தான் இருக்கும்,” என்றார் மாமா. வியாபாரி அல்லவா, உடனே ஒரு பதில் வந்துவிடும்.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “நாங்களும் யாவாரம் பண்றவுக. சகுனம் பாக்கணும்ல. போயிட்டு எழுதுறோம்.” காபி வருவதற்கு முன்னால் வேன் கிளம்பிவிட்டது. எழுதுறோம் என்றால் எழுதமாட்டோம் என்று அர்த்தம். பூங்கொத்து நாற்காலியிலேயே கிடந்தது.

பாட்டுக்காரன் கண்ணைத் திறந்தபோது முன்வரிசை காலியாக இருந்தது. மாமா நேராக அவனிடம் வந்தார்.

“மாமா, அது வெளிச்சம் மாமா,” என்றான்.

“வெளிச்சமா?”

“பாட்டுல வந்தா ழ போடணுமாம். டெய்லரண்ணே சொன்னாக.”

“அக்கா மவனேன்னு பாக்குறேன். இப்படியே கெளக்காமப் பாத்துப் போயிரு. ஊரு வார வரைக்கும் திரும்பாத.”

அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மைக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், கல்யாணத்தையே கையில் பிடித்திருப்பவன் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது குத்துவிளக்குப் பக்கமிருந்து அவள் பேசினாள்.

“எதுக்குப்பா அவுகள வையிறீக? ஒழின்னு படிச்சாக. ஒழிஞ்சது விருதுநகர்தான? கடை இந்தா அப்படியே நிக்கிது.”

மாமா திரும்பிப் பார்த்தார். கடை நின்றது மட்டுமில்லை. சாபம் போடும் சத்தம் கேட்டு வீதியே வாசலில் கூடியிருந்தது. வந்தது வந்தோம் என்று ஆளுக்கொரு டியூப்லைட்டையும் சீரியல் செட்டையும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதற்குள் உள்ளே போய் ஹோல்டரில் பல்பு மாட்ட ஆரம்பித்துவிட்டாள். மாமா ரிப்பனை வெட்ட மறந்து, அதன் அடியில் குனிந்து கல்லாவுக்குப் போனார்.

ஊர் நினைப்பது போல் எங்கள் வீழ்ச்சி இங்கே நடக்கவில்லை. ஆதாரம் சொல்கிறேன். மாசியிலிருந்து எங்களுக்கு முன்னைவிட அதிக அழைப்புகள் வந்தன. எல்லாம் ஒழிப் பாட்டுக்குத்தான். தன் வாசலில் சாக்கடையைத் திருப்பிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வந்து பாடவேண்டும் என்று ஒருவர் கேட்டார். தேர்தலில் நிற்கும் ஒருவர் எதிராளி தெருவில் மூன்று முறை பாடச் சொன்னார். மருமகன் வரும் நாளில் பாடமுடியுமா என்று ஒருவர் ரகசியமாக விசாரித்தார். பாட்டுக்காரன் எதற்கும் சம்மதிக்கவில்லை. மாமாவின் முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவன் யாரையும் ஒழிக்கத் தயாராக இல்லை.

மாமா பங்குனி முடியும்வரை பார்த்தார். விருதுநகரிலிருந்து கடிதம் வரவில்லை. மகள் வேறு எந்த ஜாதகத்தையும் கையால் தொடவில்லை. கடைசியில் அக்காவிடம் ஆள் விட்டார். நிபந்தனை ஒன்றுதான்: கடைவீதிப் பக்கம் அவன் வாயைத் திறக்கக்கூடாது. மற்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும். மதுரை வியாபாரியும் ஆனியில் வந்து பதிவு செய்யச் சொல்லியிருந்தார். ஆக, வைகாசியில் கல்யாணம் நடந்தபோது குளுகுளு பார்ட்டி முழு உயிரோடு இருந்தது. இதை வரலாற்றில் குறிக்க வேண்டும்.

கல்யாணத்தன்று சாயங்காலம் நலங்கு. பெண்கள் மாப்பிள்ளையைப் பாடச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா மேற்கூரையைப் பார்த்தார். கடைவீதி அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவி, “அவன் கெடக்கான். பொண்ணு, நீ ஒண்ணு படி,” என்றாள். பெண்ணிடம் அப்படிக் கேட்பது ஒரு மரியாதை. பெண் தலை குனிந்து வெட்கப்படுவாள், எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள்.

அவள் குனியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் மழைப் பாட்டையே எடுத்தாள். தறி வேகத்தில் இல்லை. களை வெட்டுகிறவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிகிற வேகத்தில். டெய்லர் பழக்கதோஷத்தில் “தடக்கு” என்று ஆரம்பித்தார். அவள் பாட்டை நிறுத்தாமலேயே அவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். அந்த வரிகளை எழுதியவன் நான். ஆனால் அது மழை கேட்கிற பாட்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை ஒரு தறி மழை கேட்பது போலத்தான் இருந்தது.

பாட்டு முடிந்தபோது மாமா சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தறிக்கூடத்தில் நாலு பேரும் கூடினோம். ஆனிப் பதிவுக்கு ஒத்திகை. பாட்டுக்காரன் கண்ணை மூடி ஒரு அடி பாடினான். நிறுத்தினான்.

“அண்ணே, என்னால முடியல. அவ பாடுனதுதான் காதுல வருது. நான் படிச்சா எனக்கே பஸ்ஸு ரிப்பேரான மாதிரிதான் கேக்குது.”

பதிவுக்கு வரவில்லை என்று மதுரைக்காரருக்கு நான் கார்டு போட்டேன். அந்த ஆனியோடு குழு முடிந்தது. இதில் மட்டும் தறிக்காரருக்கும் எனக்கும் ஒரே கருத்து.

ஆடியில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது நான் கடைக்குப் பல்பு வாங்கப் போனேன். இத்தனை நாள் இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு ஏன் ஒரு வார்த்தை பாடவில்லை என்று கேட்டேன். அவள் பல்பை மாட்டி, எரிகிறதா என்று பார்த்து, கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“நீங்க நாலு பேரும் எப்பண்ணே வாய மூடுனீக, நான் பாடுறதுக்கு?”